உப்புக் கரையில் 25 மில்லிமீட்டர் போதும் என்பவருக்கு

மரக்காணம் வட்டாரக் கடலோர வீடுகளுக்கு எந்த வெளிப்பூச்சு ஏற்றது என்று கட்டடப் பொறியாளர் ஒருவர் எழுதிய கட்டுரை கூனிமேட்டில் கைக்குக் கை போய்க்கொண்டிருக்கிறது. படித்தவர்கள் படித்ததோடு நிற்கவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தாண்டி, அலைச் சத்தம் கேட்கும் தூரத்தில் அஸ்திவாரம் போட்டிருப்பவர்கள் அதைக் காட்டிக் கொத்தனாரிடம் காங்கிரீட் செலவைக் குறைக்கச் சொல்கிறார்கள். மிச்சமாகும் பணத்தில் டெக்ஸ்சர் அடித்துக்கொள்வது என்பது ஏற்பாடு. கருத்து வேறுபாடு என்று விட்டுவிடக்கூடிய விஷயமாக இருந்தால் இந்தப் பதிலை நான் எழுதியிருக்க மாட்டேன். வெளிநாட்டில் உழைத்து அனுப்பிய பணமும், நகையை அடகு வைத்து வாங்கிய பணமும் அந்தச் சுவர்களுக்குள் போகின்றன. அந்தக் கூரைகளுக்கு அடியில்தான் குழந்தைகள் படுத்துத் தூங்கப் போகிறார்கள்.

அவர் வாதத்தை அதன் முழுப் பலத்தோடே சொல்லிவிடுகிறேன். கடலோர வீட்டுக்கு எதிரி உப்புக்காற்று. அது வெளியிலிருந்து வருவதால் வெளியிலேயே மறித்துவிட வேண்டும். அக்ரிலிக் பிசினில் மணலும் சலவைக்கல் பொடியும் கலந்த டெக்ஸ்சர், சாதாரண பெயிண்டைப் போல மெல்லியதாக இல்லாமல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்துக்கு ஏறுகிறது. ஆகவே சுவருக்கு அது கவசம். கவசம் இருக்கும்போது கம்பிக்கு மேல் 25 மில்லிமீட்டர் காங்கிரீட் போதும், எம்20 கலவை போதும். பழைய வீட்டில் சன்ஷேடு பெயர்ந்திருந்தால் சிமெண்ட் வைத்து அடைத்து மேலே டெக்ஸ்சர் ஏற்றிவிடலாம். சுண்ணாம்பும் சிமெண்ட் பெயிண்டும் ஆண்டுதோறும் செலவு வைக்கும் பழைய பழக்கங்கள், கைவிட வேண்டியவை.

உப்புக்காற்று எதிரி என்பது உண்மை. அதற்குப் பிறகு அவர் எழுதியதில் ஒன்றுகூட இந்த மண்ணில் நிற்காது.

உப்புக்கு ஒரே வழிதான் இருப்பதுபோல அவர் எழுதுகிறார். கூனிமேட்டின் இருப்பிடத்தைப் பார்த்திருந்தால் இப்படி எழுதியிருக்க முடியாது. கிழக்கே வங்காள விரிகுடா. மேற்கே கழுவெளிச் சதுப்பு ஏரி. வடக்கே மரக்காணத்து உப்பளங்கள், பக்கிங்காம் கால்வாயின் தென்கோடி. தண்ணீர் சில அடிகளிலேயே கிடைக்கும் மணல் பூமி. அந்தத் தண்ணீரில் பல இடங்களில் உப்பு. இங்கே வீட்டுக்குள் உப்பு மூன்று வழியாக வருகிறது. கலவைக்கு ஊற்றும் தண்ணீரோடும் சேர்க்கும் மணலோடும் வருகிறது. அஸ்திவாரத்திலிருந்து சுவரில் ஓதமாக ஏறி வருகிறது. காற்றில் வந்து படிகிறது. டெக்ஸ்சர் மறிக்கக்கூடியது மூன்றாவதை மட்டும். முதல் இரண்டைப் பற்றி அவர் கட்டுரையில் ஒரு வாக்கியம் கிடையாது.

முதல் வழியிலிருந்தே தொடங்குவோம். கம்பி போட்ட காங்கிரீட்டுக்கு ஊற்றும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்று இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 456 சொல்கிறது. கடல்நீரில் ஏறத்தாழ 19,000 மில்லிகிராம். அதாவது நல்ல கிணற்று நீரில் நூற்றுக்கு மூன்று பங்கு கடல்நீர் கசிந்து கலந்தாலே எல்லை தாண்டிவிடும். நாக்கில் வைத்துப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. வேறு தண்ணீர் கிடைக்காத ஊர்களில் குடிநீருக்கே 1,000 மில்லிகிராம் வரை நம் குடிநீர்த் தர நிர்ணயம் இடம் கொடுக்கிறது. ஜனங்கள் குடித்துப் பழகிய தண்ணீரே கம்பிக்கு ஆகாததாக இருக்கலாம்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். ஒரு கனமீட்டர் காங்கிரீட்டுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் தண்ணீர் போகும். லிட்டருக்கு 4,000 மில்லிகிராம் குளோரைடு உள்ள போர்த் தண்ணீரை ஊற்றினால், தண்ணீர் வழியாக மட்டும் 720 கிராம் உள்ளே போய்விட்டது. மணல், ஜல்லி, சிமெண்ட், ரசாயனம் எல்லாம் சேர்த்தே கனமீட்டருக்கு 600 கிராமுக்கு மேல் கூடாது என்பது அதே தர நிர்ணயத்தின் வரம்பு. காங்கிரீட் இறுகும் முன்பே அந்த வீட்டின் விதி எழுதப்பட்டுவிட்டது. அதற்கு மேல் எத்தனை கோட்டு டெக்ஸ்சர் அடித்தாலும் உள்ளே போன உப்பு வெளியே வரப்போவதில்லை. இந்தச் சோதனையை மாவட்டத் தலைநகரங்களில் உள்ள நீர்ப் பரிசோதனைக் கூடங்களில் செய்துகொள்ளலாம். ஒரு வாளி டெக்ஸ்சர் விலைகூட ஆகாது. பொறியாளர் அதைச் சொல்லாமல் விட்டது எனக்குப் புரியவே இல்லை.

இரண்டாவது வழி ஓதம். இதைப் புரிந்துகொள்ள மரக்காணத்து உப்பளத்துக்குப் போனால் போதும். கடல்நீரை அப்படியே பாத்தியில் விட்டால் உப்பு வந்துவிடாது. உப்பின் செறிவைக் காட்டும் போமே அளவில் மூன்றரை டிகிரி இருக்கும் நீர் வெயிலில் காய்ந்து காய்ந்து இருபத்தைந்து டிகிரியை நெருங்கும்போதுதான் உப்பு பூக்கத் தொடங்கும். தண்ணீர் எங்கே ஆவியாகிறதோ அங்கேதான் உப்பு தங்கும். இந்த ஒன்றை அங்கே உப்பு வாரும் எந்தப் பெண்ணும் சொல்லிவிடுவார். செங்கல் சுவரும் அப்படியே ஒரு பாத்திதான், நிமிர்ந்து நிற்கும் பாத்தி. அடியிலிருந்து ஏறும் உவர்நீர் சுவரின் முகத்துக்கு வந்து காய்கிறது. முகத்தில் உப்பு பூக்கிறது. சுண்ணாம்பு அடித்த சுவரில் அது வெள்ளையாகத் தெரியும். துடைப்பத்தால் தட்டிவிட்டு மறுபடியும் அடிப்பார்கள். அசிங்கமாக இருக்கும், ஆனால் சுவர் பிழைத்துக்கொள்ளும். அதே முகத்தை ஆவி போக முடியாத படலத்தால் மூடினால் தண்ணீர் படலத்துக்குப் பின்னால் தேங்குகிறது. சிறு துளைகள், விரிசல்கள் வழியே மெதுவாகக் காய்கிறது. உப்பு இப்போது பூச்சுக்கு உள்ளே, செங்கல்லும் சிமெண்ட் பூச்சும் சேரும் இடத்தில் படிகமாகிறது. வளரும் படிகத்தின் அழுத்தத்துக்குச் செங்கல்லும் தாங்காது, பூச்சும் தாங்காது. முழங்கால் உயரத்தில் டெக்ஸ்சர் உப்பிக் கிளம்பி, தட்டினால் பொத்தென்று சத்தம் வந்து, ஒருநாள் பூச்சோடு சேர்ந்து பாளமாக விழும் வீடுகளை இந்தச் சாலை நெடுகக் காணலாம். பெயிண்ட் சரியில்லை, கம்பெனி ஏமாற்றிவிட்டான் என்று வீட்டுக்காரர் சொல்வார். பெயிண்ட் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. அங்கே அதை அடித்ததுதான் தவறு.

காற்றின் ஈரப்பதம் இதைத் தினமும் நடத்திக்கொண்டிருக்கிறது. சாதாரண உப்பு, காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் ஈரத்தை இழுத்துக் கரையும். அதற்குக் கீழே இறங்கினால் மறுபடியும் படிகமாகும். கடலோரத்தில் விடியற்காலையில் அந்தக் கோட்டைத் தாண்டுவதும் வெயில் ஏறியதும் கீழே இறங்குவதும் மாதக்கணக்கில் நடக்கும். ஒவ்வொரு முறையும் சுவருக்குள் ஒரு அழுத்தம், ஒரு தளர்வு. மழையே பெய்யாத பங்குனியிலும் சுவர் பொரிவது இதனால்தான்.

டெக்ஸ்சர் பூச்சுகள் எல்லாமே ஆவியை அடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. பொருளுக்குப் பொருள் வேறுபாடு உண்டு. அந்த வேறுபாட்டை அளக்க அளவுகோலும் உண்டு. வெளிப்பூச்சு மழைநீரைக் குறைவாக உறிஞ்ச வேண்டும், உள்ளிருக்கும் ஆவியைத் தாராளமாக வெளியே விட வேண்டும், இரண்டும் சேர்ந்து ஓர் எல்லைக்குள் இருக்க வேண்டும் என்று ஜெர்மனியின் ஹெல்முட் கியூன்ஸல் வகுத்த விதியை வெளிப்பூச்சுத் துறையில் இருப்பவர்கள் அறிவார்கள். ஐரோப்பியத் தர நிர்ணயம் பூச்சுகளை ஆவி விடும் திறனுக்கு ஏற்ப மூன்று வகுப்பாகப் பிரிக்கிறது: பூச்சு ஆவிக்குக் கொடுக்கும் தடை 0.14 மீட்டர் காற்றுப் படலத்துக்குச் சமமானதைவிடக் குறைவாக இருந்தால் நன்றாக ஆவி விடும் பூச்சு, 1.4 மீட்டரைத் தாண்டினால் அடைக்கும் பூச்சு. ஓதம் ஏறும் கடலோரச் செங்கல் சுவருக்குப் பூச்சு பரிந்துரைக்கும் பொறியாளர் முதலில் எழுத வேண்டிய எண் இதுதான். கட்டுரை முழுக்கத் தேடினேன். கனம் இருக்கிறது, நிறங்களின் வகை இருக்கிறது, ரோலர் வேலையா கரண்டி வேலையா என்பதுகூட இருக்கிறது. இந்த எண் இல்லை.

இனி 25 மில்லிமீட்டர். என்னைக் கொதிக்க வைத்தது இதுதான்.

காங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்காமல் காப்பது காங்கிரீட்டின் காரத்தன்மை. அந்தக் காரத்தில் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஆக்சைடு படலம் உருவாகி நிற்கும். குளோரைடு போதுமான அளவு சேர்ந்ததும் அது உடைகிறது. இரும்பு துருவானால் இருந்த இடத்தைப்போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். மேலே இருக்கும் காங்கிரீட் பிளந்து பெயர்வது இப்படித்தான். ஆகவே கேள்வி, உப்பு கம்பியைத் தொட எத்தனை ஆண்டு எடுக்கும் என்பது. அந்த நேரம் கனத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். ஒரே தரமுள்ள காங்கிரீட்டில் 25 மில்லிமீட்டரை 8 ஆண்டில் கடக்கும் உப்பு, 45 மில்லிமீட்டரைக் கடக்க 25 ஆண்டுக்கு மேல் எடுக்கும். இருபது மில்லிமீட்டர் கூடுதல் காங்கிரீட், ஒரு தலைமுறை. அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இரண்டு மில்லிமீட்டர் அக்ரிலிக்கை வைக்கச் சொல்கிறார்.

ஐ.எஸ். 456 இதை யூகத்துக்கு விடவில்லை. கடலோரச் சூழலுக்கு வெளிப்படும் காங்கிரீட்டைக் கடுமையான நிலை என்ற வகையில் வைத்து, குறைந்தது எம்30 தரம், கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் காங்கிரீட் (கவர்), சிமெண்டின் எடையில் 0.45 பங்குக்கு மேற்படாத தண்ணீர் என்று கேட்கிறது. கடல்நீர் தெறிக்கும் இடம் என்றால் எம்35, 50 மில்லிமீட்டர். டெக்ஸ்சர் பூசிவிட்டால் காங்கிரீட் காற்றிலிருந்து மறைந்துவிடுகிறது, ஆகவே கடுமையான நிலை பொருந்தாது என்று அவர் தரப்பில் ஒரு சமாதானம் வரலாம். அந்தத் தாராளமான வாசிப்பையும் கொடுத்துப் பார்ப்போம். கடலோரத்தில் உப்புக்காற்று படாமல் மறைவாக இருக்கும் காங்கிரீட்டை அதே அட்டவணை மிதமான நிலையில் வைக்கிறது. அதற்கே எம்25, 30 மில்லிமீட்டர். எம்20 இடம்பெறுவது மிக இலேசான நிலையில் மட்டும். வெயில் மழை படாத காங்கிரீட்டுக்கான அந்த வகையை வரையறுக்கும்போதே, கடலோரத்தில் இருப்பவை இதில் சேராது என்று தர நிர்ணயம் வெளிப்படையாக விலக்கி வைத்திருக்கிறது. அதாவது அவர் கூனிமேட்டுக்குச் சொல்லும் கலவையைக் கூனிமேட்டில் எந்த வீட்டுக்குள்ளும், எந்தக் கூடத்துக்குள்ளும்கூடப் போட இடமில்லை. பொறியாளர் பட்டம் பெற்றவர் அறியாமல் எழுதினாரா, அறிந்தே எழுதினாரா என்று நான் கேட்கப் போவதில்லை. இரண்டும் ஒரே கேட்டில்தான் முடியும்.

செலவு கூடும் என்கிறார். எவ்வளவு கூடும் என்று எழுதட்டும். கவர் பிளாக்குக்கு என்ன செலவு? உடைந்த ஜல்லியைக் கம்பிக்கு அடியில் செருகி வைக்கும் பழக்கத்தை நிறுத்தி, அளவான கவர் பிளாக் வைத்து, காங்கிரீட் கொட்டும்போது ஆள் மிதித்துக் கம்பி அடியில் இறங்காமல் பார்த்துக்கொள்வதுதான் பாதி வேலை. 0.45 என்றால் ஒரு மூட்டை சிமெண்டுக்கு 22.5 லிட்டர் தண்ணீர். கொட்ட வசதியாக இருக்கும் என்று மேஸ்திரி இன்னொரு வாளி ஊற்றச் சொல்லும் அந்த நொடியில்தான் கடலோர வீடு கெட்டுப்போகிறது. தண்ணீரைக் குறைத்தும் கலவை இளக வேண்டுமென்றால் அதற்கான திரவம் எல்லாச் சிமெண்ட் கடையிலும் கிடைக்கிறது. ஏழு நாளோடு நிறுத்தாமல் இன்னும் சில நாள் நல்ல தண்ணீரில் நனைத்தால் அதற்கு ஆள் கூலிதான். இவற்றைச் சரியாகச் செய்தவருக்குத்தான் வெளிப்பூச்சைப் பற்றிப் பேசும் உரிமை வருகிறது.

அவர் சொல்லும் கவசத்தின் ஆயுளையும் பார்க்க வேண்டும். அக்ரிலிக் ஒரு பாலிமர். வெயிலின் புற ஊதாக் கதிர் அதை இறுக வைத்து, நுண்ணிய பிளவுகளை உண்டாக்கும். நன்றாகப் பராமரித்தாலும் அதற்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபூச்சு வேண்டும். வீடு ஐம்பது ஆண்டு நிற்க வேண்டும். உத்தரவாதம் தருகிறார்கள் என்று எழுதியிருக்கிறார். அந்தப் பத்திரத்தின் பின்பக்கத்தையும் அவர் படித்துக் காட்டியிருக்க வேண்டும். அடியில் இருக்கும் சுவரின் குறை, ஓதம், கட்டமைப்பு விரிசல் ஆகியவற்றால் வரும் சேதத்துக்குப் பொறுப்பில்லை என்பது இத்தகைய பத்திரங்களில் வழக்கமாக இருக்கும் வரி. இங்கே சேதம் வருவது அந்த மூன்றால்தான்.

சொரசொரப்பு மழைநீரைச் சிதறடிக்கும், அதனால் நல்லது என்ற வாதமும் இருக்கிறது. வழவழப்பான சுவரில் படியும் உப்பை ஐப்பசி மழை கழுவிக்கொண்டு போகும். டெக்ஸ்சரின் பள்ளங்களில் உப்பும் தூசும் தங்கும், ஈரம் காயத் தாமதமாகும், வடக்குச் சுவரில் பாசி பிடிக்கும். மழை படும் இடத்தைவிட மழை படாத இடத்தில்தான் உப்பு சேர்ந்துகொண்டே போகிறது என்பதையும் அவர் யோசிக்கவில்லை. சன்ஷேடின் அடிப்புறம், மாடிப்படியின் அடிப்புறம், பால்கனி அடிப்புறம்: இந்தக் கரையில் முதலில் கம்பி தெரியும் இடங்கள் இவைதான். காற்று அங்கே உப்பைக் கொண்டுவந்து வைக்கிறது, மழை அங்கே எட்டுவதில்லை, கம்பிக்குக் கவரும் அங்கேதான் மிகக் குறைவு. டெக்ஸ்சர் வேலைக்காரர் அழகுக்காக முன்முகத்தில் பூசுவார். சன்ஷேடு அடிக்கு வெள்ளை அடித்துவிட்டுப் போவார்.

புயல் காலம் வேறு. 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே, 2020 நவம்பரில் நிவர், 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிய பெஞ்சல் என்று இந்தக் கரை வாங்கிய அடி கொஞ்சமில்லை. பெஞ்சலின்போது மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழை பக்கவாட்டில் சுவரில் மோதும்போது ஜன்னல் ஓரத்து மயிரிழை விரிசல் ஒன்று போதும், தண்ணீர் படலத்துக்குப் பின்னால் போய்விட. போன தண்ணீர் வெளியே வரத்தான் வழி இருக்காது.

பழைய வீட்டுக்கு அவர் சொன்ன வைத்தியம் இவை எல்லாவற்றையும்விட மோசமானது. பெயர்ந்த இடத்தில் சிமெண்டை அப்பி மேலே டெக்ஸ்சர் ஏற்றினால் என்ன நடக்கும் என்பது கம்பித் துருவைப் படித்தவர்களுக்குத் தெரிந்த பாடம். துருப்பிடித்துக்கொண்டிருக்கும் இடம், பக்கத்தில் இருக்கும் கம்பியை மின்வேதியியல் முறையில் ஓரளவு காத்துக்கொண்டும் இருக்கிறது. அந்த இடத்தைப் புதிய காரமான கலவையால் அடைத்ததும் அந்தக் காப்பு போய்விடுகிறது. ஒட்டின் விளிம்பைச் சுற்றி, ஏற்கெனவே உப்பேறிய பழைய காங்கிரீட்டுக்குள் துரு புதிதாகக் கிளம்புகிறது. ஒரு முழம் அடைத்தவர் இரண்டு மூன்று ஆண்டில் அதன் இரண்டு பக்கமும் பெயர்வதைப் பார்ப்பார். டெக்ஸ்சர் இருந்தால் அதையும் பார்க்க மாட்டார். பழுப்புக் கறை வெளியே வராது, மயிரிழை விரிசல் சொரசொரப்பில் மறைந்துவிடும். கீழே நிற்பவர் தலையில் பாளம் விழும்போதுதான் சேதி தெரியும்.

சரியான வேலை வேறு மாதிரி. தட்டிப் பார்த்துச் சத்தம் மாறும் இடம் முழுவதையும் வெட்ட வேண்டும். துருவில்லாத கம்பி கண்ணில் படும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். கம்பிக்குப் பின்னாலும் விரல் நுழையும் அளவு எடுக்க வேண்டும். கம்பியைப் பளிச்சென்று சுத்தம் செய்து, கால் பங்கு தேய்ந்திருந்தால் புதுக் கம்பி சேர்த்து, துருத் தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த கலவையால் நிரப்ப வேண்டும். உப்பு எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும். காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் கடலோரத் துருவைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. மண்டபம் கடற்கரையில் மாதிரிகளை உப்புக்காற்றில் வைத்தே சோதித்திருக்கிறார்கள். அவர்கள் உருவாக்கிய சிமெண்ட்-பாலிமர் பூச்சு கம்பிக்கு மேல் பூசுவது. காப்பைக் கம்பியிலிருந்து தொடங்கினார்கள்.

உப்பேறிய பழங்கட்டடத்தை எப்படி நடத்த வேண்டும் என்பதற்கு இதே சாலையில், வடக்கே மாமல்லபுரத்தில் எடுத்துக்காட்டு இருக்கிறது. கடற்கரைக் கோயிலின் கல்லில் ஏறிய உப்பைத் தொல்லியல் துறை காகிதக் கூழ் அப்பி உறிஞ்சி எடுக்கிறது. ஈரக் கூழ் காயும்போது கல்லுக்குள் இருக்கும் உப்பு கூழுக்குள் வந்துவிடும். உரித்து எறிந்துவிட்டு மறுபடியும் அப்புவார்கள். காற்றைத் தணிக்கச் சவுக்கும் நட்டார்கள். உப்பை வெளியே எடுப்பது, காற்றின் வேகத்தைக் குறைப்பது. பன்னிரண்டு நூற்றாண்டு தாண்டிய கோயிலுக்குச் செய்யும் மரியாதையில் பத்தில் ஒரு பங்கைக் கூனிமேட்டுக் குடும்பம் கட்டும் வீட்டுக்கும் செய்யலாம்.

சுண்ணாம்பைப் பழம்பெருமைக்காகத் தூக்கிப் பிடிப்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. மரக்காணத்துக்கு வடக்கே ஆலம்பரைக் கோட்டையின் செங்கல்லும் சுண்ணாம்பும் 1760இல் ஆங்கிலேயர் இடித்த பிறகும் உப்பங்கழி ஓரத்தில் நிற்பதைக் காட்டி, சுண்ணாம்பு இருந்தால் போதும் என்பார்கள். அந்தச் சுவருக்குள் கம்பி இல்லை. கம்பி இல்லாத சுவரில் துருப்பிடிக்க ஒன்றுமில்லை. நம் வீடுகளின் தளமும் தூணும் கம்பியை நம்பி நிற்பவை; அவற்றை வெறும் சுண்ணாம்பு காக்காது. ஆனால் ஓதம் ஏறும் செங்கல் சுவரில், தரைமட்டத்திலிருந்து இடுப்பளவு வரைக்கும், ஆவி விடும் சுண்ணாம்பும் சிமெண்ட் பெயிண்டும்தான் பொருத்தமானவை. ஆண்டுதோறும் செலவு என்று அவர் ஏளனம் செய்வதுதான் அவற்றின் நன்மை. ஆண்டுக்கு ஒருமுறை சுவரை யாரோ ஒருவர் கிட்டப் போய்ப் பார்க்கிறார், தட்டுகிறார். விரிசல் தெரிகிறது. குறையைக் காட்டிக்கொடுக்கும் பூச்சு வீட்டுக்கு நல்லது.

மறைக்கும் பூச்சு என்ன செய்யும் என்று தமிழ்நாடு பார்த்திருக்கிறது. 2021 ஆகஸ்டில் சென்னை புளியந்தோப்பு கே.பி. பார்க் அடுக்குமாடிக் குடியிருப்பில், புதிதாகப் பெயிண்ட் அடித்த சுவரைக் கையால் சுரண்டினாலே பூச்சு மண்ணாக உதிர்ந்தது. சென்னை ஐ.ஐ.டி.யின் வல்லுநர்களைக் கொண்டு சோதிக்க வேண்டியதாயிற்று. அது கடலோரக் கட்டடம்கூட இல்லை. பெயிண்டைப் பார்த்துவிட்டு யாரும் கலவையைச் சந்தேகிக்கவில்லை, குடியேறிய ஜனங்கள் சுரண்டும் வரை.

டெக்ஸ்சருக்கு இடமே இல்லையா என்றால், உண்டு. எம்30 காங்கிரீட், 45 மில்லிமீட்டர் கவர், சோதித்த தண்ணீர், அஸ்திவாரத்துக்கு மேல் ஒழுங்கான ஓதத் தடுப்பு அடுக்கு (டி.பி.சி.), குறைந்தது 28 நாள் காய்ந்த சிமெண்ட் பூச்சு இவ்வளவும் இருக்கும் வீட்டில், ஓதம் எட்டாத மேல்சுவரில், ஆவி விடும் வகை டெக்ஸ்சரைத் தாராளமாக அடிக்கலாம். மழைநீர் உள்ளே போவது குறையும், காங்கிரீட்டின் ஆயுள் கூடும். அடிக்கும் முன் ஒன்றரை அடிச் சதுரத்துக்கு ஒரு பாலித்தீன் தாளைச் சுவரில் ஒட்டி, நான்கு ஓரமும் டேப் போட்டு, ஓர் இரவு முழுக்க விட்டுப் பாருங்கள். காலையில் தாளுக்குப் பின்னால் ஈரம் முத்து முத்தாக நின்றால் அந்தச் சுவர் இன்னும் தயாராகவில்லை. இதை எழுத அவருக்கு நான்கு வரி போதுமாக இருந்திருக்கும்.

அந்தப் பொறியாளரிடம் நான் கேட்பது ஒன்றுதான். 25 மில்லிமீட்டரும் எம்20உம் கடலோர வீட்டுக்குப் போதும் என்ற பரிந்துரையை, அது வெளிவந்த அதே இடத்தில், அதே அளவு எழுத்தில் திரும்பப் பெறுங்கள். கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு: தளம் போட இன்னும் நாள் இருந்தால், டெக்ஸ்சர் நிற அட்டையை மூடி வைத்துவிட்டு, ஊற்றப்போகும் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துச் சோதனைக்குக் கொடுங்கள். குளோரைடு 500ஐத் தாண்டினால், லாரித் தண்ணீர் வரும்வரை வேலையை நிறுத்துங்கள்.